பட்டியலில் இல்லாத பக்கவிளைவு

தீர்க்காயுசு நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம் சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் கூடியது. வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடமும் வருமாறு:

மேசைக்கு நேர் எதிரே, கை வைத்த ஒரே நாற்காலியில், தலைவர் அம்மாசையப்பன். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் ஜெரினா, மடியில் தையல் பையோடு. இடப்பக்கம் டீக்கடை லூர்துராஜ். கதவோரம் நோயாளிகளுக்கான முக்காலியில் டாக்டர் இளவேனில். அறைக்குள் அதிகம் படித்தவருக்கு ஆட்டம் காணும் முக்காலிதான் கிடைத்தது. மேசைக்குப் பின்னால், பேனாவும் தாளுமாகச் செயலாளர் சுகந்தாமணி. அவளுடைய கணவர் சென்னிமலை அறைக்குள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, முகத்தில் இரண்டு முகக்கவசம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் ஜாமீனில் வந்தவர் மாதிரி இருக்கும். விஷயம் அதுவல்ல. அவருக்கு உடம்பளவில் வயது ஐந்து மாதம்.

அந்தச் சங்கத்தில் வயதுக்கும் வசதிக்கும் மரியாதை கிடையாது. எச்.ஐ.வி. மாத்திரை ஆரம்பித்த வருஷத்துக்குத்தான் மரியாதை. அம்மாசையப்பன் அரசாங்கம் இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கிய முதல் வருஷமே வரிசையில் நின்றவர். "நான் மாத்திரை போட ஆரம்பிச்சப்ப டாக்டரம்மா பால்வாடியில இருந்துச்சு" என்று எல்லாரிடமும் சொல்வார். அதனால் கை வைத்த நாற்காலி அவருடையது.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றாள் சுகந்தாமணி. குரல் சரியாகத்தான் வந்தது. பேனா பிடித்த விரல்தான் வேர்த்தது.

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். "நேரா விஷயத்துக்கு வரேன். சென்னிமலை அண்ணனோட ரத்தத்துல மாத்திரை மருந்து இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.

அவருடைய ரத்தத்தில் மாத்திரை மருந்து எப்படி வந்தது என்பது சுகந்தாமணிக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கம்மங்கூழில் ஒரு மாத்திரையைப் பொடி செய்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்துபோட்டுக் கலக்கிக் கொடுப்பவள் அவளேதான்.

ஒற்றை ஊசி வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

உடம்புக்குள் எங்கெங்கோ பதுங்கிக் கிடக்கிற வைரஸைத் தேடிப் பிடித்து அறுத்தெறிகிற ஊசி அது. ஒரே ஒரு தடவை. பலித்தால் ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம். ஆனால் சும்மா போகாது. வைரஸ் குடியிருந்த வீட்டை இடிக்கும்போது பக்கத்து வீடுகளையும் சேர்த்து இடித்துவிடும். உடம்பு அதுவரை பார்த்துப் பழகிய அத்தனை நோயையும் மறந்துபோகும். அம்மை, கக்குவான், சளி, எல்லாம் புதுசு. பிறந்த பிள்ளைக்குப் போடுவதுபோல் முதலிலிருந்து தடுப்பூசி போட வேண்டும். கூட்டத்துக்குள் போகக் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது. நூறு பேரில் மூன்று பேர் அந்தக் காலத்தைத் தாண்டுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு மாத்திரையை அடியோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். வைரஸ் தலை காட்டாவிட்டால் குணம். தலை காட்டினால், பட்டதெல்லாம் வீண்.

டாக்டர் இதே அறையில் பக்கவிளைவுப் பட்டியலை வாசித்தபோது லூர்துராஜ் பாதியிலேயே எழுந்து டீ போடப் போய்விட்டார். "மாத்திரை போட்டா நூறு வயசு இருக்கலாம். எதுக்குங்க இந்த வம்பு?" என்று கேட்டவள் சுகந்தாமணி.

சென்னிமலைதான் பதில் சொன்னார். "லாரிக்காரன் கணக்குப்படி சொல்றேன் கேட்டுக்க. ஸ்டெப்னி நல்லாத்தான் ஓடுது. ஆனா ஸ்டெப்னியிலயே காஷ்மீர் வரைக்கும் போகச் சொன்னா டிரைவருக்குத் தூக்கம் வருமா? பாலம் அடிச்சுட்டுப் போன வருஷம் மாத்திரை வராம நம்ம பட்ட பாடு ஞாபகம் இருக்கா?"

எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. மாத்திரை வண்டி வராமல் ஊரே தீவாகிக் கிடந்த அந்த மழைக்குப் பிறகுதான் சங்கத்தில் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு மாதத்துக்கான அட்டை மாத்திரையை எங்காவது ஒளித்து வைப்பார்கள். அரிசி டிரம்மில், தையல் மிஷின் டிராயரில், சாமி படத்துக்குப் பின்னால். அதற்கு 'ஆபத்து அட்டை' என்று பெயர். டாக்டருக்குத் தெரியாது.

"அதுவுமில்லாம," என்று சென்னிமலை அன்று சொன்னார், "ஜெரினா பொண்ணு மாதிரி பொறந்ததிலிருந்து போடற புள்ளைங்களுக்கு இது வேணும். முன்னாடி யாராவது ஓட்டிப் பாத்துத்தானே ரோடு நல்லாருக்குன்னு சொல்ல முடியும்?"

சுகந்தாமணி கையெழுத்துப் போட்டாள். ஆனால் அவள் மனசு போடவில்லை. கல்யாணமான புதிதில் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டு லோடு லோடாகக் குடித்த ஒரு காலம் உண்டு. காசநோய் வந்து, காய்ந்த சோளத்தட்டுக் கட்டுபோல ஆனவரை இதே ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பது டாக்டருக்குப் படிப்பு. அவளுக்கு அது ஒரு எடை.

ஊசி போட்டார்கள். பிறகு வந்த புதன்கிழமைகளை ஊரே மறக்காது. தடுப்பூசி நாளன்று, தொட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் வரிசையின் கடைசியில், பத்தடி தள்ளி, மீசை வைத்த சென்னிமலை சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்பார். கூட்டமில்லாத நேரம் பார்த்து நர்ஸ் கூப்பிடுவாள். அட்டையில் சிரிக்கிற குழந்தை படம். தாய் பெயர் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் மனைவியை ஏற்காததால், சுகந்தாமணி தன் புருஷனுக்குத் தாயானாள். "ஊசி போட்ட இடத்துல தேய்க்காதீங்க, ராத்திரி காய்ச்சல் வந்தா சிணுங்குவாங்க, பயப்படாதீங்க" என்று நர்ஸ் பழக்க தோஷத்தில் அவளிடம் சொல்ல, சென்னிமலை நிஜமாகவே சிணுங்கினார்.

மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்தத்தில் வைரஸ் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. ஆஸ்பத்திரியில் லட்டு கொடுத்தார்கள். இன்னும் ஐந்நூறு பேருக்கு ஊசி போடும் இரண்டாம் சுற்றுக்கு ஏற்பாடு நடந்தது. அந்தப் பட்டியலில் ஜெரினாவின் மகள் பர்ஹானாவின் பெயரும் இருந்தது.

இப்போது இந்தத் தாள்.

"மேலிடத்துல விளக்கம் கேட்டிருக்காங்க. இன்னிக்கே கடிதம் போகணும்" என்றார் டாக்டர். "ஒன்னு மட்டும் எனக்குப் புரியல. வாரத்துல ரெண்டு தடவை ரத்தம் எடுக்கறோம். வியாழக்கிழமை ரத்தத்துல மருந்து இல்லவே இல்ல. சனிக்கிழமை ரத்தத்துல இருக்கு. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான்."

சுகந்தாமணி நிமிர்ந்தாள். இது எப்படிச் சரியாகும்? அவள் தினமும் போடுகிறாள். புதன்கிழமையும் போடுகிறாள், வியாழக்கிழமையும் போடுகிறாள். ஒருநாள் தவறியதில்லை. கணக்கு உதைத்தது. மாட்டிக்கொண்ட பயத்தைவிட, கணக்கு உதைப்பது அவளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

"அப்படி இருக்க முடியாதுங்க டாக்டரம்மா. தினமும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"ஏனக்கா தினமும் இருக்கணும்?" என்றாள் ஜெரினா மெதுவாக.

அந்த நேரம் பார்த்து மணி ஒன்பது ஆனது. அறையில் இருந்த எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் அலறின. தலைவரின் போன் முருகன் பாட்டு, ஜெரினாவினுடையது குயில், லூர்துராஜினுடையது தேவாலய மணி. பேச்சு நின்றது. பைகள் திறந்தன, தண்ணீர்ச் சொம்பு கை மாறியது. நாலு பேர் ஒரே மாதிரித் தலையைப் பின்னால் சாய்த்து மாத்திரை விழுங்கினார்கள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை உள்ளே நீண்டு வந்து, உள்ளங்கையை விரித்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நினைவு வந்ததுபோல் வெளியே போனது.

அதைப் பார்த்ததும் சுகந்தாமணிக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"நான்தாங்க. கூழ்ல கலந்து குடுத்தேன். என்ற ஆபத்து அட்டையிலிருந்து."

"எந்த அட்டை?" என்றார் டாக்டர்.

சுகந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மிணி, அழுவாத. நீ ஒருத்தி மட்டும் இல்ல. செவ்வாய்க்கிழமைதோறும் கோயில் பொங்கல்னு ஒரு தொன்னையில வச்சுக் குடுத்தனுப்புவன்ல? அதுல முந்திரிக்கு அடியில ஒன்னு இருக்கும்."

"ஐயா!" என்றார் டாக்டர்.

"இத்தனை வருசமா வந்த டாக்டருங்க எல்லாரும் சொன்னதுதானுங்களே? கல்யாணத்துக்குப் போனாலும் சரி, கருமாதிக்குப் போனாலும் சரி, மாத்திரையை மறக்காதேன்னு. இப்ப திடீர்னு மறன்னா எப்படிங்க மறக்கறது?"

லூர்துராஜ் தலையைக் குனிந்தபடி விரலை மட்டும் தூக்கினார். "இஞ்சி டீ. பிளாஸ்க்ல. தினமும் சாயங்காலம்."

"ஆண்டவா," என்று டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொள்ள, முக்காலி ஆடியது. "அப்ப இவர் தினமும் ரெண்டு மாத்திரை, செவ்வாய்க்கிழமை மூணு சாப்பிட்டிருக்கணும். ஆனா வியாழக்கிழமை ரத்தம் சுத்தமா இருக்கே!"

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு செருமல்.

"ஏனுங்க, குற்றவாளி பேசலாங்களா?" என்றார் சென்னிமலை. "நான் எதையுமே குடிக்கலைங்க. எத்தனை வருசமா முழுங்கின கசப்பு, என்ற நாக்குக்குத் தெரியாதா? லூர்து டீயைச் செம்பருத்திக்கு ஊத்திருவேன். இனி அந்தச் செடிக்கு எச்.ஐ.வி.யே வராது. பொங்கல் காக்காய்க்கு. கூழு..." என்று நிறுத்தினார்.

"கூழு?" என்றாள் சுகந்தாமணி.

"பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்கு."

தினமும் காலையில் அந்த வெள்ளாடு காம்பவுண்டுச் சுவரில் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்ப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எவ்வளவு பிரியமான ஆடு என்று அவள் நினைத்திருந்தாள்.

"அப்புறம் வெள்ளிக்கிழமை என்னங்க ஆச்சு?" என்றார் டாக்டர்.

ஜெரினா எழுந்து நின்றாள். தையல் பை கீழே விழுந்தது. "பிரியாணி" என்றாள்.

சென்னிமலை நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "ஜெரினா! அதுலயுமா? சத்தியமா எனக்குத் தெரியலையேம்மா! உன்ற புள்ளை இந்த ஊசிக்குக் காத்துக்கிட்டு இருக்கு, நீ கலக்க மாட்டேன்னுதான நம்பித் தின்னேன்!"

சுகந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஐந்து மாதக் குழந்தை இரண்டடி பின்னால் போனது.

"என்ற கூழை ஆட்டுக்கு ஊத்திப்போட்டு, வெளிச்சாப்பாடு கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லியும், எனக்குத் தெரியாம பிரியாணி தின்னீங்களா?"

"வாரத்துக்கு ஒருக்காத்தான் மணி..."

"எங்க வச்சுத் தின்னீங்க?"

"...ஆட்டுக்குப் பக்கத்துல."

லூர்துராஜ் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார். உடனே மூன்று பேர் "மாஸ்க்! மாஸ்க்!" என்று கத்தினார்கள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஜெரினாக்கா, நீங்க ஏன் பண்ணினீங்க?"

ஜெரினா புடவை முந்தானையை முறுக்கினாள். "மத்தவங்க பாசத்துல பண்ணிருப்பாங்க. நான் கணக்குப் போட்டுப் பண்ணினேன். அண்ணனுக்கு ரிசல்ட் நல்லா வந்தாத்தான் ரெண்டாவது சுற்று வரும். ரெண்டாவது சுற்று வந்தாத்தான் பர்ஹானாவுக்கு ஊசி. பொண்ணு பாக்க வர்றவங்க எல்லாம் பஜ்ஜி தின்னுட்டு, விஷயத்தைச் சொன்னதும் எந்திரிச்சுப் போயிடறாங்க டாக்டர். மாத்திரை போட்டா பரவாதுன்னு நானும் எத்தனை பேருக்குத்தான் பாடம் நடத்தறது?"

"சரி. ஊசி நெஜமாவே வேலை செய்யலைன்னா? நீங்க கலந்த மாத்திரையாலதான் ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னா? வேலை செய்யாத ஊசியைப் பர்ஹானாவுக்குப் போட்டிருப்போம். ஐந்நூறு பேருக்குப் போட்டிருப்போம். எல்லாரும் மாத்திரையை நிறுத்தியிருப்பாங்க. நூத்துக்கு மூணு பேரு வேற."

ஜெரினா உட்கார்ந்தாள். அந்த மூன்றில் ஒருத்தியாகத் தன் மகளை அவள் அதுவரை வைத்துப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இப்ப இவருக்கு நோய் இருக்குதுங்களா, இல்லைங்களா?" என்றார் தலைவர்.

"தெரியாது ஐயா. வாரம் ஒரு மாத்திரைக்கு வைரஸ் இவ்வளவு நாள் அடங்கி இருக்காது, அதனால குணமாயிருக்கவே வாய்ப்பு அதிகம்னு எனக்குத் தோணுது. ஆனா தோணுறது சான்று இல்ல. உள்ள ஒன்னு ரெண்டு மிச்சம் இருந்தா, அரைகுறை மருந்து அதுக்கு எதிர்த்து நிக்கக் கத்துக்கொடுத்திருக்கும். அப்புறம் பழைய மாத்திரையே வேலை செய்யாம போகலாம். முதலிலிருந்து நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். யாரும் எதையும் கலக்காம."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அவரே பழக்க தோஷத்துல போட்டுக்கிட்டாருன்னு எழுதிட்டா?"

"இவரை மட்டும் நீக்குவாங்க. சுற்று நடக்கும்."

"உள்ளதை எழுதினா?"

"மத்த ஊர்லயும் வீட்டாளுங்க கலந்தாங்களான்னு பாப்பாங்க. இரண்டாம் சுற்று தள்ளிப் போகும். எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது. என்னையும் கேள்வி கேப்பாங்க." டாக்டர் கொஞ்சம் சிரித்தார். "அடுத்த தடவை யாருமே இல்லாத ஆளாப் பாத்து ஊசி போடணும் போல."

"அப்படி ஒருத்தரு நம்ம சங்கத்துல இல்லீங்களே" என்றார் தலைவர், ஏதோ குறையைச் சொல்வதுபோல.

எல்லாரும் சுகந்தாமணியைப் பார்த்தார்கள். கடிதம் எழுதுகிறவள் அவள். பொய்யான கடிதம் போனால் சென்னிமலை சோதனையிலிருந்து விடுபடுவார். நாளைக் காலையே மாத்திரை, பழைய வாழ்க்கை, பயமில்லை. அவள் இத்தனை நாள் கேட்டது அதுதான். பேனா மூடியைத் திறந்தால் போதும்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கசக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

சென்னிமலை முகக்கவசத்தைச் சரிசெய்தார். "சொன்னா, நீ கூழை விட்டுப்போட்டு வேற எதுலயாவது கலப்ப. கூழுன்னா எனக்கு அடையாளம் தெரியும். அதுவுமில்லாம மணி, ஒவ்வொரு நாளும் அந்தச் சொம்பைக் கையில வாங்கறப்ப, இவ நம்மளை இன்னும் சாக விடமாட்டாடான்னு தெரியும். அது போதும்னுதான் ஊத்திடுவேன்."

"அப்ப குடிச்சிருக்கலாம்ல?"

"ஊசி பலிச்சுதான்னு எனக்குத் தெரியணும். எனக்காக இல்லாட்டியும், பர்ஹானாவுக்காவது."

மின்விசிறி கடகடத்தது. சுகந்தாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளை நேராக வைத்தாள். எழுதிய பிறகு வழக்கப்படி வாசித்துக் காட்டினாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, அம்மா. விளக்கம் கேட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. திரு. சென்னிமலை மருந்து உட்கொள்ளவில்லை. அவருக்கு மருந்து ஊட்டப்பட்டது. ஊட்டியவர்கள் அவருடைய மனைவி, தலைவர், பொருளாளர், டீக்கடைக்காரர். இதில் பொருளாளர் ஊட்டியது மட்டும் உள்ளே போனது. மற்றவை ஒரு செடி, சில காகங்கள், ஒரு வெள்ளாடு ஆகியோருக்குச் சேர்ந்தன. ஆடு நலம். தாங்கள் எங்களுக்கு வாசித்துக் காட்டிய பக்கவிளைவுகள் பட்டியலில் வீட்டார் என்ற ஒன்று இல்லை. சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம். இரண்டாம் சுற்றைத் திரு. சென்னிமலையின் முடிவு தெரியும்வரை ஆரம்பிக்க வேண்டாம் என்றும், சோதனையை அவருக்கு முதலிலிருந்து நடத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். என் மாத்திரையை இனி வீட்டில் வைக்காமல் தினமும் ஆஸ்பத்திரியில் வந்து போட்டுக்கொள்கிறேன். கையிருப்பில் மறைத்து வைத்திருந்தவற்றை இத்துடன் அனுப்பியுள்ளோம்."

"பொருளாளர் பேரையும் போட்டுடுக்கா" என்றாள் ஜெரினா. "கையெழுத்தையும் நான் முதல்ல போடறேன்." போட்டாள்.

தையல் பையின் அடியிலிருந்து ஒரு அட்டை வந்தது. தலைவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒன்று எடுத்தார். லூர்துராஜ் கடைக்கு ஓடிப் போய் சர்க்கரை டப்பாவோடு வந்தார். டாக்டர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தாமணி தன் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் இரண்டே மாத்திரைதான் மிச்சம் இருந்தது.

தபால் நிலையம் மதியத்தோடு மூடிவிடும். சுகந்தாமணியும் சென்னிமலையும் நடந்தே போனார்கள், இரண்டடி இடைவெளி விட்டு. அவர் கூட்டத்துக்குள் வரக் கூடாது என்பதால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, யாருடைய காரோ ஒன்றின் டயரைக் காலால் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறையின் வாயில் பசை தடவப்போன சுகந்தாமணி நிறுத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு அட்டை. முழுசு. ஒரு மாத்திரைகூட எடுக்காதது. ஆபத்து அட்டைக்கும் ஆபத்து வந்தால் என்று வைத்திருந்தது. ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தாள். காரின் சொந்தக்காரர் வந்து சண்டை போட, சென்னிமலை பின்சக்கரத்தைக் காட்டி அவருக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

அட்டையை உறைக்குள் தள்ளி, பசை தடவி, இரண்டு கையாலும் அழுத்தி ஒட்டினாள்.

கவுன்ட்டரில் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார். பிதுங்கி நின்றது. "உள்ள என்னம்மா இருக்கு?"

"ஒரு லெட்டருங்க. அப்புறம் மாத்திரை."

"மாத்திரையா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானுங்க அனுப்பறோம்" என்றாள் சுகந்தாமணி.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.